வாயிற்காவலர் ஆண்டிச்சாமியும் என் ஜீப்பின் இடது முன்சக்கரமும்

ஆண்டிச்சாமி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. பதிவேட்டில் ஒரே ஒரு டிக் போட்டு என்னை வெளியேற்றினார். 2006 அக்டோபர் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்து ஐம்பது. இடம், வெம்பக்கோட்டைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல். டிக் விழுந்த கட்டத்தின் தலைப்பு, ‘பீடி, தீப்பெட்டி’.

எங்கள் வட்டாரத்தில் ஒரு டிரைவர் குடிக்கலாம், வாய்ச்சண்டை போடலாம், வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக வரலாம். எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. பட்டாசுக் கம்பெனி வாசலில் பீடி நெருப்பை எறிந்தவன் என்று பெயர் வந்துவிட்டால் அதற்கு மன்னிப்பு இல்லை. அந்தப் பெயர் சாயங்காலத்துக்குள் பத்துக் கம்பெனி வாசல்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது எனக்கு வயது நாற்பத்திரண்டு. என் வாயில் ஒரு பீடியும் இருந்ததில்லை.

நான் சிவபாண்டி. மானாவாரிப் புஞ்சை நாலு ஏக்கர் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் அதை நம்பியிருக்க முடியாது என்று ஒரு பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்பை வாங்கினேன். பக்கத்து ஊர்களிலிருந்து பதின்மூன்று பெண்களைக் கம்பெனிக்கு ஏற்றிப் போய் இறக்குவது என் வேலை. கடைசி மூன்று கிலோமீட்டருக்குச் சாலை கிடையாது. வெயிலில் அது புழுதி, மழையில் பசை. ஜீப்பைத் தவிர வேறு வண்டி அங்கே நிற்காது.

அன்று பத்து மணிக்கு மேனேஜர் செழியன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். முப்பது வயது இருக்கும், படித்தவர், சத்தம் போட்டுப் பேசாதவர். பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

“படிங்க.”

என் வண்டி எண், நேரம், டிக். குறிப்புக் கட்டத்தில் தட்டுத் தடுமாறிய எழுத்தில் இரண்டே சொற்கள்: ‘இடது பக்கம்’.

“சார், நான் வலது பக்கம் உக்காந்து ஓட்டுறவன். பீடி குடிச்சிருந்தா வலது பக்கமாத்தானே எறிவேன்? இடது பக்கம் வேலைக்கு வர்ற வள்ளித்தாய் உக்காந்திருந்தா. அவ மடியத் தாண்டி எறிவேனா?”

“எறிஞ்சவங்க எப்படி எறிஞ்சாங்கன்னு நான் விசாரிக்கணுமா? வாசல்ல நெருப்பு விழுந்திருக்கு. வண்டிக்குக் குடுத்த கேட் பாஸைக் குடுத்துட்டுப் போங்க.”

அறைக்கு வெளியே வந்ததும் பதிவேட்டில் கண்டதை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே என் பங்காளி கருத்தப்பாண்டியின் ஜீப் என் ஊர்கள் வழியாக ஓடியது. ஒரு வண்டிக்குப் பாஸ் வாங்க மூன்று நாளாவது ஆகும். அவனுக்கு ஒரு நாளில் கிடைத்தது. இதைத் தற்செயல் என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவன் அல்ல.

சந்தேகத்தை நான் இரண்டாகப் பிரித்தேன். பாஸ் கேட்டவன் கருத்தப்பாண்டி. டிக் போட்டவர் ஆண்டிச்சாமி. முதலாமவனை எனக்குப் பிறந்தது முதல் தெரியும். இரண்டாமவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனவே அவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

விசாரித்துத் தெரிந்தவை இவை. ஆண்டிச்சாமிக்கு அப்போது ஐம்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவு. கிணறு வெட்டும் கூட்டத்தில் இருபது வயது வரை இருந்தவர். கிணறுகள் வறண்ட பிறகு பட்டாசுக்கு வந்தார். ஒன்பது ஆண்டுகள் மருந்துக் கலவை அறையில் வேலை. மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வாசலுக்கு மாற்றினார்கள். அறிவொளி வகுப்பில் முப்பத்தைந்தாம் வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவர். எதையும் வாசித்துவிடுவார். ஒரு வரி எழுத அவருக்குக் கால்மணி நேரம் ஆகும். மனைவி சண்முகத்தாய் வீட்டில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். ஒவ்வோர் ஆடி மாதத்துக் கடைசி வெள்ளியன்றும் இருக்கன்குடிக்கு நடந்தே போய் வருவார்கள். இவ்வளவுதான். ஒருவர் மேல் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் சந்தேகம் முழுமையாக விளங்காது. என் தகப்பனார் காலத்தில் ஆண்டிச்சாமியின் வீட்டார் எங்கள் புஞ்சையில் களை வெட்ட வந்தவர்கள். இப்போது கம்பெனி வாசலில் தினமும் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நான் நிற்க, அவர் என் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். என்னை அவர் ‘முதலாளி’ என்றும் கூப்பிட்டதில்லை, பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. ‘டிரைவரே’ என்பார். பழைய கணக்கை ஒரு டிக்கில் தீர்த்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்தது உண்மை என்பதால் எழுதுகிறேன்.

வெம்பக்கோட்டைக்குச் சாலை பிரியும் விலக்கில் இருக்கும் டீக்கடையில் கருத்தப்பாண்டியும் ஆண்டிச்சாமியும் ஒன்றாக நிற்பதை நான்கு முறை பார்த்தேன். தேதியும் நேரமும் குறித்தேன். என் மனைவி கற்பகவல்லி அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

“டீ குடிச்சதுக்கெல்லாம் நேரம் எழுதி வச்சிருக்கீக. வடை தின்னாகளா இல்லையான்னு எழுதலையே?”

“சிரிக்கிற விசயமில்ல இது.”

“சிரிக்கல. நீங்க ஒளிஞ்சு நிண்ட புளியமரத்துல எறும்பு கடிச்சுத் தடிச்சிருக்கு பாருங்க, கழுத்துல. அதுக்கும் ஒரு தேதி போடுங்க.”

தீபாவளி முடிந்தது. கம்பெனிகள் ஒரு மாதத்துக்கு மூடப்பட்டன. மீண்டும் திறக்கும்போது என் பாஸ் என் கையில் இல்லையென்றால் அடுத்த தீபாவளி வரை எந்த வாசலும் எனக்குத் திறக்காது. அக்டோபர் இருபத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நேரே ஆண்டிச்சாமியின் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

“வாங்க டிரைவரே. இத்தன நாளும் மரத்தடியில நிண்டீக. இன்னைக்கு வீட்டுக்கே வந்துட்டீக.”

நான் நின்றபடியே கேட்டேன். “கருத்தப்பாண்டி உங்ககிட்ட என்ன பேசுனான்?”

“வரிசையில நிக்கவிடாம அவன் வண்டிய மொதல்ல விடணுமாம். தெனமும் அதே பாட்டு. டீ அவன் வாங்கித் தந்தான்னு நினைக்காதீக. என் டீக்கு நான்தான் குடுத்தேன்.”

“நான் பீடி குடிச்சதப் பாத்தீகளா?”

“இல்ல.”

எதிர்பாராத பதில்.

“பின்ன எதுக்கு டிக் போட்டீக?”

“நெருப்பப் பாத்தேன். போட்டேன்.”

“என்ன நெருப்பு?”

“ஒங்க வண்டி வாசல் மணல் மேட்டச் சுத்தி இடது பக்கம் ஒடிக்கையில, முன்சக்கரத்துக்கு உள்ள இருந்து பொறி விழுந்துச்சு. வெள்ளையா. மத்தாப்புல இருந்து விழும்லா, அப்படி.”

“பீடி எங்கனயாவது வெள்ளையா எரியுமா?”

“எரியாது.”

“அப்புறம்?”

ஆண்டிச்சாமி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். விரலை மடக்கி எண்ணினார். “பதிவேட்டுல நாலு கட்டம் அச்சடிச்சிருக்கான். பீடி தீப்பெட்டி ஒண்ணு. செல்போன் ஒண்ணு. சாராயம் ஒண்ணு. ஆணிச் செருப்பு ஒண்ணு. நான் பாத்தது நெருப்பு. நாலுல எதுல போட? நீங்களே சொல்லுங்க.”

“எழுதியிருக்கலாமே?”

“இடது பக்கம்னு எழுதுனேன்லா? அதுக்குள்ள பின்னால ஏழு வண்டி ஆரன் அடிக்கான்.”

“மேனேஜர்கிட்ட வாயால சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேன். சக்கரத்துல மத்தாப்பு எரியுமா, போய்யான்னார்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் சொன்னதை நான் இரண்டு விதமாகச் சோதித்தேன். பொய் என்றால் இதைவிட நம்பத் தகுந்த பொய்யாகச் சொல்லியிருப்பார். உண்மை என்றால் குற்றவாளி என் ஜீப். இரண்டாவது முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சோதிக்கக் கூடியவன் நான் ஒருவன்தான். வண்டி என் தொழுவத்தில் நின்றது.

செப்டம்பர் மாதம் நான் ஜீப்புக்குப் புதிய சக்கரங்கள் மாட்டியிருந்தேன். பழையவை நாலரை அங்குல அகலம். மழைக்காலத்தில் சேற்றில் புதையாமல் இருக்க அகலச் சக்கரம் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் ஏழு அங்குலச் சக்கரம் நான்கு கிடைத்தது. ஐந்து துளையும் சரியாகப் பொருந்தியது. கடைக்காரர் பில்லிலேயே எழுதிக் கொடுத்தார்: ‘ஆஃப்செட் பழையபடியே’. அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன்.

இப்போது அந்த வரியின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆஃப்செட் என்றால் என்ன என்பதை நான் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. சிவகாசியில் இந்தச் சொல்லைச் சொல்லி விசாரித்தால் அச்சகத்துக்கு வழி காட்டுகிறார்கள். எனக்கும் இரண்டு பேர் காட்டினார்கள். கடைசியில் பழைய புத்தகக் கடையில் ஒரு ராணுவ ஜீப்பின் பராமரிப்புக் கையேடு கிடைத்தது. ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படித்தேன்.

சக்கரத்தின் அகலத்தை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். நட்டுப் போட்டு வண்டியில் மாட்டும் தட்டு அந்த நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். தட்டு வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் வண்டிக்கு உள்ளே போகும். உட்பக்கம் தள்ளியிருந்தால் சக்கரம் வெளியே வரும். இவ்வளவுதான். படிக்கும்போது எளிதாக இருந்தது. என் வண்டியில் அது என்ன செய்தது என்பதைக் காண எனக்குப் பதினோரு நாள் ஆனது.

பட்டாசுப் பெட்டி அட்டையில் பழைய சக்கரத்தின் குறுக்குவெட்டை ஒன்றும் புதியதன் குறுக்குவெட்டை ஒன்றும் அதே அளவில் வெட்டினேன். தட்டு இருக்கும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே ஆணியைக் குத்திச் சுவரில் தொங்கவிட்டேன். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நடுக்கோடுகள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. ஆனால் கூடுதலாக வந்த இரண்டரை அங்குலம் பாதி பாதியாகப் பிரிந்து, ஒன்றேகால் அங்குலம் வெளியேயும் ஒன்றேகால் அங்குலம் உள்ளேயும் போயிருந்தது. அகலத்தை மாற்றிவிட்டு ஆஃப்செட்டை மாற்றாமல் விட்டால் சக்கரம் இரண்டு பக்கமும் வளரும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உள்ளே வளர இடம் இருந்ததா? பழைய சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுவதும் ஒடித்து, சக்கரத்தின் உள்விளிம்பில் கரிசல் மண் உருண்டையை ஒட்டினேன். வண்டிக்கு அடியில் இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி ஒன்று உண்டு. அதன் நுனியைப் பிடித்திருக்கும் கிளாம்பில் ஒரு போல்ட் சக்கரத்தைப் பார்த்தபடி நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றியபோது அந்தப் போல்ட் மண் உருண்டையைச் சீவியது. மிஞ்சிய மண்ணின் கனத்தை அளந்தேன். சரியாக ஓர் அங்குலம். இருந்த இடம் ஓர் அங்குலம். புதிய சக்கரம் உள்ளே வந்தது ஒன்றேகால் அங்குலம். மீதிக் கால் அங்குலத்துக்குத்தான் இரும்பும் இரும்பும் உரசியிருக்கின்றன. வலது பக்கத்தில் அந்தப் போல்ட் கீழ்நோக்கி இருந்தது. அதனால் அங்கே உரசல் இல்லை.

அக்டோபர் ஒன்பதுக்கு முன் ஏன் பொறி விழவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது. மற்ற நாட்களில் பெண்களை வெளி மைதானத்திலேயே இறக்கிவிடுவோம். அன்று மழை என்பதால் வாசலை ஒட்டிய மணல் மேடு வரை வர அனுமதித்தார்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். கிர்ரென்று ஒரு சத்தம் எனக்கும் கேட்டது. சேறு உரசுகிறது என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று பொருந்தவில்லை. இரும்பும் இரும்பும் உரசினால் விழுவது மங்கலான செம்பொறி. ஆண்டிச்சாமி கண்டது வெள்ளை. ஒன்பது ஆண்டு கலவை அறையில் இருந்தவருக்கு நெருப்பின் நிறம் தவறாது.

சக்கரத்தைக் கழற்றி வெயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது பளபளவென்று மின்னியது. அப்போதுதான் அந்தப் பூச்சு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் டிராக்டர், சைக்கிள், மாட்டுவண்டி என்று எல்லாச் சக்கரத்துக்கும் வெள்ளிப் பூச்சு அடிப்பார்கள். யாரும் கடையில் வாங்குவதில்லை. கம்பெனியிலிருந்து ஒரு பொட்டலம் அலுமினியப் பவுடர் எப்படியாவது வெளியே வரும். வார்னிஷில் கலக்கினால் ஒரு தெருவுக்கே காணும். அந்த ஆண்டு என் பொட்டலத்தை எடுத்து வந்தவள் வள்ளித்தாய்.

“எங்க வண்டி மட்டும் மங்கலா நிக்கணுமாக்கும்?” என்று சொல்லிப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நான்கு சக்கரத்துக்கும் பூசினார்கள்.

மத்தாப்பை வெள்ளையாக எரிய வைக்கும் அதே பவுடர். துருப்பிடித்த போல்ட்டின் மேல் அதை வைத்துத் தேய்த்திருக்கிறேன். துருவும் அலுமினியமும் மோதினால் சாதாரணப் பொறியைவிடப் பல மடங்கு சூடான பொறி வரும் என்பது கம்பெனியில் எல்லாப் போர்மேன்களுக்கும் தெரியும். அந்த வாசலுக்கு உள்ளே நூற்றைம்பது பேர் வேலை செய்கிறார்கள். என்னை வெளியேற்றிய டிக்கின் தலைப்புத்தான் தவறு. வெளியேற்றியது தவறு அல்ல.

இந்த முடிவுக்கு வந்த பிறகு இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. பீடி இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், பீடியைவிட மோசமான ஒன்றை நானே ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று நிரூபிக்க வேண்டும்.

“பீடின்னே இருந்துட்டுப் போகட்டுமா?” என்று கற்பகவல்லியிடம் கேட்டேன்.

“ஒங்க மக கல்யாணப் பேச்சுக்கு வர்ற மாப்ள வீட்டுக்காரன் காதுல, பட்டாசுக் கம்பெனியில பீடி எறிஞ்சவன்னு விழுந்தாச் சரியா இருக்குமா? சக்கரம்னா அது சக்கரத்தோட போயிரும்.”

முதலில் சரியான சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிளாம்பைத் திருப்பிப் போல்ட்டைக் கீழே பார்க்க வைத்தால் போதும் என்றார் மெக்கானிக். அதையும் செய்தேன். ஆனால் ஒரு போல்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை நம்பி நிற்கும் இடைவெளி, இடைவெளி ஆகாது. ஏழு அங்குலத்தையே வைத்துக்கொண்டு, கூடுதல் முழுவதையும் வெளியே தள்ளும் ஆஃப்செட்டை எடுக்கலாம். அப்போது சக்கரம் இரண்டரை அங்குலம் வெளியே நிற்கும். ஸ்டியரிங் கனக்கும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் பேரிங் தேயும், ஏறி இறங்கும் பெண்களின் சேலையெல்லாம் சேறாகும். கரிசலில் மிக அகலமான டயர் பசையை வாரிச் சுமக்கும் என்பதையும் புதிய சக்கரத்தோடு ஓட்டிய நாட்களில் கண்டிருந்தேன். அதனால் ஆறு அங்குலம் போதும் என்று முடிவு செய்தேன். கூடுதல் ஒன்றரை அங்குலத்தில் உள்ளே அரை, வெளியே ஒன்று. அதற்கு மாட்டும் தட்டு பழைய இடத்தைவிடக் கால் அங்குலம் உட்பக்கம் இருக்க வேண்டும். அட்டைப் படத்தோடு கோயம்புத்தூர் வியாபாரி ஒருவருக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பூச்சு எதுவும் இல்லாமல், வெறும் கறுப்புச் சக்கரமாக வந்தது. போல்ட்டைப் பழையபடி சக்கரத்தைப் பார்க்க வைத்து மண் உருண்டையை ஒட்டி அளந்தேன். அரை அங்குலம் மிஞ்சியது.

பிறகு மேனேஜருக்கு எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தது. நவம்பர் இருபத்துநான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, நண்பகல். சிவகாசியில் கம்பெனியின் காலி லாரி ஷெட். என்னையும் ஆண்டிச்சாமியையும் தவிர வேறு யாரும் கூடாது என்று செழியன் நிபந்தனை போட்டார். சாட்சி கூடாது என்கிறார் என்று எனக்குப் பட்டது. ஆண்டிச்சாமி சாட்சிதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். அவர் யாருக்குச் சாட்சி என்பதுதான் தெரியவில்லை.

ஏழு அங்குலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டு போனேன். வலது சக்கரத்தில் பூச்சு அப்படியே இருந்ததால் அதை இடது பக்கம் மாட்டினேன். போல்ட்டையும் அன்றைக்கு இருந்தபடியே திருப்பினேன். ஷட்டரை இறக்கியதும் ஷெட் இருண்டது. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுவதும் ஒடித்து வட்டம் அடித்தேன். முதல் சுற்றில் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவது சுற்றில் ஆண்டிச்சாமி, “அந்தா!” என்றார். என் இருக்கையிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தரையில் வெளிச்சம் அடித்ததை மட்டும் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

ஷட்டரைத் தூக்கியபோது செழியனின் முகம் வேர்த்திருந்தது.

“இது நம்ம வாசல்ல நடந்திருக்கு” என்றார். “அடக் கடவுளே.”

நான் கோப்பைத் திறந்து சக்கர பில், மதுரைக் கடைக்காரரின் வரி, அட்டைப் படங்கள், மண் உருண்டை அளவுகள், புதிய சக்கரத்தின் பில் எல்லாவற்றையும் லாரியின் பின்பலகையில் வரிசையாக வைத்தேன். “ஒரு வரி எழுதித் தாங்க சார். பீடி இல்லைன்னு. பாஸ் அப்புறம்.”

அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். முகம் மெல்ல மாறியது.

“எல்லாத்துக்கும் பில் வச்சிருக்கீங்க சிவபாண்டி. டயருக்குக் காத்து அடிச்சதுக்குக்கூட இருக்கு. இந்த சில்வர் பெயிண்டுக்கு மட்டும் காணோமே?”

அவர் குனிந்து சக்கரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“இது கடைப் பெயிண்ட் மாதிரித் தெரியல. எங்க பவுடர் மாதிரி இருக்கு. யார் கொண்டுவந்தா? சொல்லுங்க, இப்பவே எழுதித் தர்றேன். கையெழுத்து, சீல், எல்லாம்.”

என் ஐம்பது நாள் வேலை முழுவதும் அந்தப் பலகையின் மேல் கிடந்தது. வள்ளித்தாய் என்று ஒரு பெயரைச் சொன்னால் போதும். அவள் வேலை போகும், அவளோடு சேர்ந்து பூசிய பன்னிரண்டு பேரும் விசாரிக்கப்படுவார்கள். நான் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பில் திரும்ப வைக்கத் தொடங்கினேன்.

“பில் இல்ல சார்.”

“அப்ப என்னாலயும் எழுத முடியாது.”

“நான் குடுத்தது சார்” என்றார் ஆண்டிச்சாமி.

இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

“ஆயுத பூசைக்கு வாசல் கேட் கம்பிக்கு நாம அடிச்சோம்லா, அந்தப் பெயிண்ட். டப்பாவுல மிச்சம் கிடந்துச்சு. டிரைவர் கேட்டாரு. குடுத்துட்டேன். கம்பெனிச் சாமானத் தூக்கிக் குடுத்தது தப்புத்தான்.”

கேட் கம்பிக்குக் கடைப் பெயிண்ட் அடித்ததும், அதற்குக் கம்பெனியிடம் பில் இருந்ததும் உண்மை. என்னிடம் கொடுத்தார் என்பது பொய். செழியன் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பாவிட்டால் தன் வாசலிலிருந்து பவுடர் வெளியே போனதை அவரே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்பது மட்டும் தெரியும். பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்தார். ‘9.10.2006 அன்று பதிவான தீப்பொறி வாகனத்தின் சக்கரம் உரசியதால் ஏற்பட்டது. ஓட்டுநர் புகைபிடித்ததற்கு ஆதாரம் இல்லை.’ ஆண்டிச்சாமிக்கு ஒரு வாரச் சம்பளம் பிடித்தம் என்று வாயால் சொன்னார்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றவரிடம் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்விதான் வந்தது.

“எதுக்குச் சொன்னீக?”

“சாயங்காலம் வெளிய போறப்பச் சோதனை போடுற ஆளு யாரு?”

“நீங்க.”

“அப்ப, பொட்டலம் எப்படி வெளிய போச்சுன்னு மேனேஜர் யோசிக்க எம்புட்டு நேரம் ஆகும்?”

அவர் தன்னைக் காத்துக்கொண்டார் என்று அப்போது முடிவு செய்தேன். பிறகு ஒரு வாரச் சம்பளத்தை நினைத்தபோது அந்த முடிவு பொருந்தவில்லை. வள்ளித்தாயின் பெயர் அவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்டேன்.

“எந்த வள்ளித்தாய்?” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார்.

நவம்பர் இருபத்தேழாம் தேதி, திங்கட்கிழமை, புதிய சக்கரங்களோடு வாசலுக்குப் போனேன். திரும்பக் கிடைத்த பாஸ் கையில், கடிதத்தின் நகல் பையில். கருத்தப்பாண்டியின் ஜீப் எனக்கு முன்னால் வரிசையில் நின்றது. அவன் திரும்பிப் பார்த்துவிட்டுப் பார்க்காதவன் போல் இருந்தான். ஆண்டிச்சாமி வழக்கம்போல் என் பையைத் தடவினார். கடிதத்தைக் காட்டினேன். வாங்கவில்லை.

“அது மேனேஜர் பாத்தது. வண்டியில ஏறி உக்காருங்க. மேட்டச் சுத்தி இடது பக்கம் முழுசா ஒடிங்க, பாப்போம்.”

மெதுவாக ஒடித்தேன். அவர் இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து, காதைக் கிட்டே கொண்டுவந்து, வண்டியோடு சேர்ந்து தவளைபோல் நகர்ந்து வந்தார். மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது. பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஆரன் அடித்தன. ஜீப்புக்குள் பெண்கள் சிரித்தார்கள்.

“எண்ணே, சக்கரத்துகிட்ட என்ன ரகசியம் பேசுறீக?” என்றாள் வள்ளித்தாய்.

“பேசாம இரு புள்ள.”

சுற்று முடிந்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். பதிவேட்டை எடுக்கவில்லை.

“சத்தம் இல்லேல்ல?” என்று கேட்டேன்.

“இன்னொரு தடவ ஒடிங்க” என்றார் ஆண்டிச்சாமி. ஒடித்தேன்.